நடுவில் இருந்த நாடு: ஜெர்மன் ஆய்வு மரபில் போலந்து

ஜெர்மன் மொழியில் போலந்து வரலாறு எழுதும் மரபுக்கு இருநூறு ஆண்டு வயதாகப் போகிறது. அதன் தரத்தை உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும்: போலந்தை ஒரு நாடாக நடத்துகிறதா, பெர்லினுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே கிடக்கும் நிலமாகவா? சென்ற நூற்றாண்டில் இந்தக் கேள்வியை மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வரலாற்றாசிரியர் கிளாவுஸ் ட்செர்னாக் (1931–2017).

அவருக்கு முந்தைய தலைமுறைகள் இரு எல்லைகளில் நின்றன. ரஷ்யாவை எதிர்த்த 1830–31 எழுச்சி தோற்று மேற்கே வந்த போலந்து அகதிகளை ஜெர்மன் தாராளவாதிகள் விருந்து வைத்து வரவேற்றார்கள். 1849 ஜூனில் பாடன் புரட்சிப் படைக்குத் தலைமை தாங்கியவரே லுட்விக் மியெரொஸ்லாவ்ஸ்கி என்ற போலந்துக்காரர்தான். வாக்ஹொய்சலில் அவர் தோற்றார். ஜூன் 25இல் பிரஷ்யப் படை கார்ல்ஸ்ரூஹேக்குள் நுழைந்தது. அந்தப் பரிவும் நெடுநாள் நிலைக்கவில்லை. கிழக்கை ஜெர்மானியர் பண்படுத்திய மண்ணாகப் பார்த்த பிரஷ்யச் சார்பு எழுத்து மேலோங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அது 'கிழக்காய்வு' என்ற பெயரில் நிறுவனமாகி, ஆல்பர்ட் பிராக்மன் போன்றவர்களின் காலத்தில் நாஜி அரசுக்குத் தொண்டு செய்தது. ஆவணத் தேர்ச்சிக்கு அங்கே குறைவில்லை, நேர்மைக்குத்தான் பஞ்சம்.

போலந்து அறிஞர்களிடையே வேறொரு வழக்கு நடந்தது. அண்டை அரசுகளின் பிரிவினைகளால் 1795இல் நாடு மறைந்ததற்கு உள்நாட்டுச் சீர்கேடே காரணம் என்றது கிராக்கோ பள்ளி. மிகாவ் பொப்ஜின்ஸ்கியின் 1879 நூல் அதன் கூர்மையான குரல். அண்டை வல்லரசுகளின் பேராசையே காரணம் என்றது வார்சா பள்ளி.

ட்செர்னாக்கின் 'எதிர்மறைப் போலந்துக் கொள்கை' என்ற கருத்து, அதாவது போலந்தைப் பலவீனமாகவே வைத்திருக்க அண்டை அரசுகள் நடத்திய கொள்கை, இந்த இரண்டு விளக்கங்களையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது. போலந்து நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் 'ஒப்பமாட்டேன்' என்று சொன்னால் கூட்டத்தொடரே கலைந்துவிடும். அரசரையும் தேர்தலில்தான் தெரிவு செய்தார்கள். இந்த முறை போலந்துக்காரர்களே வகுத்துக்கொண்டது. ஆனால் அதைத் திருத்த விடாமல் காவல் காத்தவர்கள் வெளியே இருந்தார்கள். 1720இல் பிரஷ்யாவும் ரஷ்யாவும் செய்த உடன்படிக்கையும், 1764இல் பிரஷ்யாவின் இரண்டாம் பிரீட்ரிஹும் ரஷ்யாவின் கத்தரீனும் செய்த உடன்படிக்கையும் போலந்தின் 'பழைய சுதந்திரங்களை' அப்படியே நிலைநிறுத்துவதாக உறுதி சொல்லின. நோயாளியின் நோயைப் பாதுகாக்கும் உடன்படிக்கை என்று அதைச் சொல்லலாம். 1791 மே 3 அரசியலமைப்பு அந்த ஒற்றை வாக்குத் தடையை நீக்கியது. இரண்டே ஆண்டில் இரண்டாம் பிரிவினை வந்தது; மூன்றாவது 1795இல். 1863 எழுச்சியின்போது பிஸ்மார்க் ரஷ்யாவோடு செய்துகொண்ட உடன்பாட்டையும் 1939 ஆகஸ்ட் ஜெர்மன்–சோவியத் ஒப்பந்தத்தையும் இதே இழையில் கோத்துப் பார்க்க முடிகிறது.

சர்வதேச உறவுகளைப் படிப்பவர்களுக்கு இதில் கிடைப்பது ஒரு பொதுப் பாடம்: பலவீனமான நாடு தானாக அமைவதில்லை, அதை அப்படியே வைத்திருக்கவும் ராஜதந்திரம் உழைக்கிறது. 1994இல் வந்த 'போலந்தும் ரஷ்யாவும்' என்ற பெரிய நூலில் ட்செர்னாக் இரு நாடுகளின் வரலாற்றையும் ஒன்றையொன்று விலக்காத உறவாக எழுதினார்.

இந்த அணுகுமுறை வகுப்பறைக்குப் போன வழி 1972இல் அமைந்த ஜெர்மன்–போலந்து பாடநூல் ஆணையம். பின்னாளில் அதன் ஜெர்மன் தரப்புத் தலைவராக ட்செர்னாக்கும் இருந்தார். ஆணையத்தின் 1976 பரிந்துரைகள் மேற்கு ஜெர்மனியில் பெரும் புயலைக் கிளப்பின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்திடம் போன பகுதிகளிலிருந்து ஜெர்மானியர் வெளியேறியதை 'விரட்டல்' என்று எழுதுவதா, மென்மையான வேறு சொல் போதுமா என்பதே சண்டையின் மையம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு சொல் எவ்வளவு கனக்கும் என்பதை ஈழத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரு நாட்டு மாணவர்களுக்குமான பொது வரலாற்றுப் பாடநூலின் நான்கு பாகங்கள் 2016க்கும் 2020க்கும் இடையில் வெளிவந்து முடிந்தன.

கார்ல்ஸ்ரூஹேயில் 1951 முதல் இயங்கும் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் ஜெர்மன்–போலந்து எல்லையை வேறு அளவுகோலால் அளந்தது. ஜெர்மன் ரைஷ் 1945இல் அழிந்துவிடவில்லை, செயல்படும் திறனின்றி நீடிக்கிறது என்றது அதன் 1973 ஜூலை 31 தீர்ப்பு. ஓடர்–நைஸ்ஸே ஆறுகள் வழியே செல்லும் கோட்டை போலந்தின் மேற்கு எல்லையாகக் குறித்த 1970 வார்சா ஒப்பந்தத்தை எதிர்த்த மனுக்களை 1975 ஜூலை 7இல் அது ஏற்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தால் மட்டும் கிழக்குப் பகுதிகள் சட்டப்படி ஜெர்மனியிடமிருந்து பிரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்றும் சொன்னது. சட்டக் கணக்கில் அது நேரான வாதம். அந்த மண்ணில் முப்பது ஆண்டாக வாழ்ந்த போலந்து மக்களின் வரலாறு மட்டும் வழக்குக்கட்டில் இல்லை. 1990 நவம்பர் 14இல் வார்சாவில் கையெழுத்தான எல்லை ஒப்பந்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. அதை எதிர்த்து வந்த மனுக்களையும் 1992 ஜூனில் கார்ல்ஸ்ரூஹே தள்ளிவிட்டது.