சிறைக்குக் கைதியே காவல்

கைதிகளைக் கொண்டு ஊர் கட்டிய அரசுகள் பல உண்டு. அந்தக் கைதிகளையே கைதிகளுக்குக் காவல் வைத்து, அதை உலகுக்கு முன்மாதிரி என்று சொல்லிக்கொண்ட நிர்வாகம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே கைதிகளை மேற்பார்த்த அதிகாரிகளில் ஒருவரான ஜே.எஃப்.ஏ. மெக்நேர் 1899இல் இணையாசிரியர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட நூலின் தலைப்பே இந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான். அந்தப் பெருமையில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு உதிரும் என்று பார்க்கலாம்.

1824 ஒப்பந்தப்படி சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கே தீவாந்தர தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த இந்தியக் கைதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி வேறு இடம் பார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு வந்த முதல் தொகுதியில் 80 பேர். சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகளும் வந்தார்கள். தீவில் அடிமை வாணிபத்தை, அங்கே பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் தடை செய்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. சாலை போட, சதுப்பைத் தூர்க்க ஆள் வேண்டும். சீனக் கூலியாட்களுக்குக் கொடுக்கக் கருவூலத்தில் பணம் போதாது. கைதிகள் வந்த காலமும் ஆட்களுக்கு இருந்த தேவையும் இப்படிப் பொருந்திப்போயின. பின்னாளில் சீர்திருத்தம் என்று பேசப்பட்டதெல்லாம் இந்தப் பற்றாக்குறையின் மேல் எழுந்ததுதான்.

ஆனாலும் அதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில், 1845இல், வகுத்த விதிகள் கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தன. புதிதாக வந்தவன் விலங்கோடு நாலாம் வகுப்பில் தொடங்குவான். நடத்தை நன்றாயிருந்தால் விலங்கு கழன்று மூன்றாம் வகுப்பு. அங்கிருந்து தண்டல் (கைதிகளை மேய்க்கும் மேஸ்திரி), பியூன் போன்ற சிறு பொறுப்புகள் கொண்ட இரண்டாம் வகுப்பு. கடைசியாக, பல ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் வகுப்பு: விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குள் சொந்தமாகப் பிழைக்கலாம், அவ்வப்போது வந்து ஆஜர் கொடுத்தால் போதும். தவறு செய்தவன் ஐந்தாம் வகுப்புக்கு இறங்குவான். முதியவருக்கும் நோயாளிக்கும் ஆறாம் வகுப்பு. கூலிக்கு அமர்த்திய காவலர்களை விலக்கிவிட்டு, கைதிகளிலிருந்தே தண்டல்களை நியமித்தார்கள்.

ஆயுள் தண்டனை பெற்ற ஒருவனுக்கு இந்த ஏணி என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே காலத்தில் நார்ஃபோக் தீவில் ஆங்கிலேயக் கைதிகளின் முதுகில் சாட்டை விழுந்துகொண்டிருந்தது. லண்டன் பென்டன்வில் சிறையில் முகமூடி மாட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தனியறையில் வைத்தார்கள். சிங்கப்பூர்க் கைதி வெயிலில் கல் உடைத்தான். ஆனால் மனிதர்களோடு பேசினான், தொழில் கற்றான், சீட்டு வாங்கியபின் மாட்டுவண்டி ஓட்டினான். காட்டில் புலி ஆள் அடித்த வருடங்களில் கைதிகளின் கையில் துப்பாக்கி கொடுத்து வேட்டைக்கு அனுப்பினார்கள். தப்பி ஓடுவார்கள் என்று பயந்த நிர்வாகம் அப்படிச் செய்திருக்காது. எனக்கு மெக்நேரின் பக்கங்களில் மிகவும் நம்பத்தக்கதாகப் படுவது இந்தச் செய்திதான்.

வேலையின் தரத்தைப் பற்றியும் சந்தேகம் வேண்டியதில்லை. 1856இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தை வரைந்தவர் ரொனால்ட் மெக்பர்சன், கட்டியவர்கள் கைதிகள். உட்சுவர்ப் பூச்சு நம்மூர்க் கொத்தனார்கள் அறிந்த கலவை: மணல் சேர்க்காத சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் 1867–69இல் மெக்நேர் கைதிகளைக் கொண்டே கட்டினார். செங்கல்கூட அவர்களின் சூளையிலிருந்து வந்தது. கைவினைஞனைக் கைதியாக மட்டும் பார்க்காமல் கைவினைஞனாகவும் பார்த்தது இந்த நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் லாபம் யாருக்குப் போனது என்பது வேறு கேள்வி. அந்தச் சுவரை எழுப்பிய கொத்தனார் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. வரைந்தவரின் பெயர் மட்டும் தெரிகிறது.

பழுது அங்கேயே தொடங்குகிறது. கைதி திருந்தினான் என்பதற்குச் சாட்சி சொல்பவர் அவனிடம் வேலை வாங்கிய அதிகாரி. திருத்தம் என்று அவர் அளந்தது கீழ்ப்படிதலையும் உழைப்பையும். நல்ல கொத்தன் சீக்கிரம் மேல் வகுப்பு ஏற வாய்ப்பு அதிகம்; அவன் செய்த குற்றம் என்ன, பாதிக்கப்பட்டவன் எங்கே என்ற கணக்கு இந்த ஏணியில் எந்தப் படியிலும் வரவில்லை. அதோடு, காவலைக் கைதியிடம் கொடுத்ததில் தந்திரமும் இருந்தது. தண்டலின் சலுகை, தன் கீழ் இருப்பவன் ஒழுங்காக வேலை செய்வதைப் பொறுத்தது. எனவே விலங்கு மாட்டும் வெள்ளைக்காரனைவிட முன்னே நிற்கும் தன் ஊர்க்காரன்மீதுதான் கைதியின் கோபம் திரும்பும். கலகம் நடக்காமல் இருந்ததற்குத் திருப்தி ஒரு காரணமென்றால், இந்தப் பிரிவினை இன்னொரு காரணம். இதை மெக்நேர் எங்கும் குறையாகச் சொல்லமாட்டார். ஏன் சொல்ல வேண்டும்? அது அவருடைய முறையின் ஆணிவேர்.

ஏற்பாடு முடிந்த விதமும் கவனிக்கத்தக்கது. அது தோற்றதால் கைவிடப்படவில்லை. 1857இல் வட இந்தியக் கிளர்ச்சிச் செய்தி வந்ததும், நேற்றுவரை தங்கள் சாலையைப் பெருக்கிய கைதிகள் முஹர்ரத்தன்று எழுந்துவிடுவார்கள் என்று சிங்கப்பூர் ஐரோப்பியர்கள் நடுங்கினார்கள். எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கம்பெனி தன் ஆபத்தான ஆட்களை இங்கே கொட்டுகிறது என்ற புகார், இந்தியாவிலிருந்து பிரித்துவிடும்படி அவர்கள் அனுப்பிய மனுவில் இடம்பெற்றது. முப்பது ஆண்டு நன்னடத்தை ஒரு வதந்திக்கு ஈடாகவில்லை. 1860க்குப் பின் புதிய கைதிகள் வருவது நின்றது. 1867இல் தீவு பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. 1873இல் மிச்சமிருந்தவர்களில் பலர் அந்தமானுக்கு ஏற்றப்பட்டார்கள். சீட்டு வாங்கியவர்கள் ஊரோடு கலந்துபோனார்கள்.

சிங்கப்பூர் முறையை எடைபோட அந்தமான்தான் சரியான தராசு. 1858இல் தொடங்கிய போர்ட் பிளேர் குடியிருப்பிலும் வகுப்பு உண்டு, சீட்டு உண்டு, கைதிக் காவலர் உண்டு. 1906இல் முடிந்த செல்லுலார் சிறையில் அதே கைதிக் காவலர்கள் செக்கு இழுக்கும் அரசியல் கைதிகளை அடித்து வேலை வாங்கினார்கள். அங்கிருந்து மீண்டவர்களின் நினைவுக் குறிப்புகளில் ஜெயிலருக்கு அடுத்தபடி அவர்கள்தான் வருகிறார்கள். காவலை ஒப்படைக்கும் ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றே. சிங்கப்பூரில் கைதி தெருவில், ஊர்க்கண்ணுக்கு முன்னால், தேவைப்பட்ட தொழிலாளியாக இருந்தான். செல்லுலார் சிறையில் மதிலுக்குள், ஊர்க்கண்ணுக்குப் படாமல் எண்ணெய் ஆட்டினான். மெக்நேர் தன் விதிப்புத்தகத்துக்குக் கொடுத்த பாராட்டில் பெரும்பகுதி, ஆள் கிடைக்காத ஒரு துறைமுகத்துக்குச் சேரவேண்டியது.