கையில் இருந்த அரிசி

அக்காவின் திருமணம் முடிந்து மூன்று வாரத்தில் 2,600 படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்ந்தன. அதிலிருந்து ஆல்பத்துக்கு 120 படங்களைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது ஒரு படத்தை நானே ஒதுக்கினேன். 'கேண்டிட்' என்று நாம் கொண்டாடும் விஷயத்தைப் பற்றி இதை எழுத வைத்தது அந்த ஒரு படம்தான்.

கிள்ளானிலிருந்து சுங்கை பட்டாணி வரை எந்தக் கல்யாணப் படக்காரரின் இன்ஸ்டாகிராமைத் திறந்தாலும் இந்தச் சொல் இருக்கும். படங்களும் நமக்குத் தெரிந்தவைதான். தாலி ஏறும்போது மணப்பெண்ணின் கண்ணில் நீர் திரளும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார். தோழிகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். பட்டுச்சட்டை போட்ட பொடியன் நாற்காலியில் தூங்கிப்போயிருப்பான். எல்லாம் அழகு. ஆனால் பத்துக் கல்யாணங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு மாதிரி சலிப்பு வருகிறது. முகங்கள்தான் மாறுகின்றன, தருணங்கள் மாறுவதில்லை. பாட்டி காலத்து ஆல்பத்தில் மொய்க் கவரோடு வரிசையாக நின்றவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களுக்கு நிற்பதில் ஒரு போஸ் இருந்தது. நமக்கு அழுவதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வார இறுதிகளில் ஒரு நண்பனுக்கு உதவியாளாகக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். லைட் பிடிப்பேன், பேட்டரி மாற்றுவேன். ஒரு கல்யாணத்தில் மகளை வழியனுப்பும்போது அம்மா உண்மையாகவே உடைந்து அழுதார். ஃபோகஸ் தப்பிவிட்டது. "அம்மா, இன்னொரு தடவ கண்ணத் தொடைங்கம்மா, இந்தப் பக்கம் திரும்பி" என்றான் நண்பன். அவரும் தொடைத்தார். ஆல்பத்தில் போனது இரண்டாவதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், முதலாவதைவிட அது நல்ல படம்.

அப்படியானால் பிரச்சினை பொய்யா? அப்படிச் சொல்லி முடித்துவிட முடியாது. பாரிஸ் நகர மன்றக் கட்டடத்துக்கு முன்னால் ஓர் இளம் ஜோடி முத்தமிடும் ரொபேர் துவானோவின் படத்தை அநேகமாக எல்லாரும் ஏதாவது ஒரு போஸ்டரில் பார்த்திருப்போம். 1950இல் லைஃப் பத்திரிகைக்காக எடுத்தது. தற்செயலாகப் பிடிபட்ட காதல் என்றே உலகம் பல ஆண்டுகள் நம்பியது. 1990களில் அது நீதிமன்றம் வரை போனபோதுதான், நடிப்புப் படித்துக்கொண்டிருந்த இருவரைக் கேட்டுக்கொண்டு எடுத்த படம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக யாரும் போஸ்டரைக் கழற்றவில்லை. பாரிஸ் என்றால் காதல் என்று நாம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தோம். அந்தப் படம் அதற்கு ஆமாம் போட்டது. நண்பன் எடுத்த இரண்டாவது படமும் அதே வேலையைத்தான் செய்கிறது. தாய் என்றால் அழுவாள். ஆமாம், அழுகிறாள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் எலியட் எர்விட் 1967இல் சைபீரியாவின் பிராட்ஸ்க் நகரில் எடுத்த கல்யாணப் படத்தை வைக்கலாம். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவன் ஏதோ ரகசியம் தெரிந்தவன் போலச் சிரிக்கிறான். மாப்பிள்ளையின் பார்வை அவன் மேல் இருக்கிறது. எதற்குச் சிரிக்கிறான்? படம் சொல்வதில்லை. அரை நூற்றாண்டு கழித்தும் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். "அண்ணே, கொஞ்சம் அப்படிச் சிரிங்க" என்று கேட்டு வாங்க முடியாத படம் இது. எந்த மாப்பிள்ளை வீட்டாரும் வரவேற்பறையில் மாட்ட விரும்பாத படமும்கூட. கேண்டிட் படத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான். குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் அது ஒரு கேள்வியை விட்டுச்செல்ல வேண்டும்.

இதற்கு உபகரணம் தடையில்லை. மிர்ரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு 'டக்' என்ற சத்தம்கூட இல்லாமல் படமெடுக்கலாம். ஃபோகஸ் தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் கெட்டிமேளம் கொட்டியதும் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? புகைப்படக்காரர் இருவர், வீடியோக்காரர் இருவர், லைட் பிடிக்கும் பையன் என எல்லாரும் மணவறையைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிவிடுகிறார்கள். வந்தவர்கள் முதுகுகளைப் பார்த்து அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். அன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் 1952ஆம் ஆண்டுப் புத்தகம் ஆங்கிலத்தில் 'தீர்மானகரமான தருணம்' என்ற பொருளில் புகழ்பெற்றது. பிரெஞ்சுத் தலைப்போ, கண்ணில் படாமல் அவசரமாக எடுத்த படங்கள் என்ற அர்த்தம் தருவது. நம் ஆட்கள் ஆங்கிலத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் போல. தருணம் எது என்பது நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது, அங்கே போய்க் காத்திருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இப்போது அந்தப் படம். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அக்காவைத் தாரை வார்த்துக் கொடுத்தது பெரிய மாமாவும் அத்தையும். அம்மாவை யாரும் மேடையை விட்டு இறங்கச் சொல்லவில்லை. ஏறச் சொல்லவும் இல்லை. அவரே போய் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். குழுவில் இருந்த ஒரு சின்னப் பையன், சுவரில் இடம் கிடைக்காமலோ என்னவோ, அம்மாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறான். கூட்டத்தில் எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன, அரிசி காற்றில் இருக்கிறது. அம்மாவின் கை மட்டும் கீழே, மூடியபடி. விரலிடுக்கில் மஞ்சள் அரிசி தெரிகிறது. அவர் அதைப் போடவே இல்லை. தாலி ஏறும் நேரத்தில் தன் கை படலாமா என்று தயங்கினாரா, மறந்துவிட்டாரா, தெரியாது.

அம்மா அழவில்லை. அதனாலேயே அந்தப் படம் என்னைத் தொந்தரவு செய்தது. பார்த்த மாமா, "நல்ல நாள் ஆல்பத்துல இது எதுக்குய்யா" என்றார். நான் வாதாடவில்லை. ரெண்டே ரெண்டு கிளிக். அந்த இடத்தில் அத்தை கண் கலங்கும் படம் ஒன்று வந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. படக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பழக்கப்பட்ட உணர்ச்சியைத்தான் நாம் காசு கொடுத்துக் கேட்கிறோம். ஒருவன் தவறிப்போய் உண்மையை எடுத்துக் கொடுத்தாலும், தேர்வில் கழித்துக்கட்ட வீட்டுக்கு வீடு என்னைப் போல ஒருவன் இருக்கிறான்.

நாலு மாதம் கழித்து போனில் அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கோபப்படுவார் என்று பயம். அவர் தன் முகத்தையோ கையையோ பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாகத் தெரிந்த மேடையைத்தான் பெரிதாக்கினார். மூன்று முதுகுகள், ஒரு லைட் ஸ்டாண்ட், இரண்டு தோள்களுக்கு நடுவே அக்காவின் கூரைப்புடவையில் ஒரு சிவப்புக் கீற்று.

"அங்கேருந்து எனக்கு இவ்வளவுதான்ப்பா தெரிஞ்சுச்சு" என்றார்.

ஆல்பம் அச்சாகி வந்துவிட்டது. 120 படங்களில் மேடை பளிச்சென்று தெரிகிறது, எல்லாக் கோணத்திலிருந்தும். அம்மா பார்த்த கல்யாணம் அதில் இல்லை. அந்த ஒரு படத்தைத் தனியாகக் கழுவி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் காட்டவில்லை.