பிடித்த பணத்தில் ஓடிய பஸ்

அரசுப் போக்குவரத்துக் கழகக் கண்டக்டரின் சம்பளச் சீட்டில் பிடித்தப் பகுதிதான் நீளம். வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி. பிரீமியம், சொசைட்டி கடன் தவணை, சிக்கனச் சேமிப்பு என்று எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு வரும். பிடித்த பணம் கட்ட வேண்டிய இடத்தில் கட்டப்பட்டுவிட்டது என்று நம்பித்தான் அவர் அந்தச் சீட்டை மடித்து வைக்கிறார். தமிழ்நாட்டின் போக்குவரத்துக் கழகங்களில் பல ஆண்டுகள் அது ஒழுங்காகக் கட்டப்படவில்லை. டீசலுக்கும் டயருக்கும் அன்றாடச் செலவுக்கும் போனது. அப்படிச் செலவழித்த முடிவு தவிர்க்க முடியாததா, தவறா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கழகம் யாருக்காக ஓடுகிறது என்பது புரியும். காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டையோடு வருபவர்கள், பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள், வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு மலையேறும் தோட்டத் தொழிலாளிகள். இந்தத் திண்டுக்கல் மாவட்டத்துப் பஸ்களில் ஒரு காலத்தில் ராணி மங்கம்மாள் பெயர் இருந்தது. 1997-இல் எல்லாக் கழகங்களின் பெயர்களும் எடுக்கப்பட்டபோது அதுவும் போனது. இன்று திண்டுக்கல், மதுரைக் கழகத்தின் கீழ் ஒரு மண்டலம். லாபம் பார்க்காமல் ஊருக்குள் போய் வருகிற கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. நிர்வாகத்தின் வாதம் தொடங்குவதும் இங்கிருந்துதான்.

அந்த வாதத்தை முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. மேலாண் இயக்குநருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 2011 நவம்பரில் உயர்த்திய கட்டணம் 2018 ஜனவரி வரை அசையவில்லை. அதற்குள் டீசல் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது, ஊதிய ஒப்பந்தங்கள் வந்தன, உதிரிபாகம் விலை ஏறியது. கூட்டமில்லாத தடத்தை நிறுத்தினால் அந்த ஊருக்கு வேறு வழியே இல்லை. இலவச பாஸுக்கான தொகையை அரசு கொடுத்தால்தான் உண்டு. இந்த நெருக்கடியில் கைக்கு எட்டிய பணம் பிடித்தத் தொகை ஒன்றுதான். அதைத் தொடாமல் விட்டிருந்தால் பஸ் நின்றிருக்கும். பஸ் நின்றால் முதலில் பாதிக்கப்படுவதும் தொழிலாளிதான் என்கிறார்கள்.

இதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் பணம் போதாத நிறுவனம் யாருக்காவது பாக்கி வைத்தே தீர வேண்டும். யாருக்கு வைப்பது என்பது நிர்வாகம் தேர்ந்தெடுக்கிற விஷயம். எண்ணெய் நிறுவனத்துக்குப் பாக்கி வைத்தால் அடுத்த லோடு வராது. டயர் கம்பெனிக்கு வைத்தால் சப்ளை நிற்கும். தொழிலாளியின் சேமிப்பைக் கட்டாமல் விட்டாலோ, மறுநாள் விடியற்காலை அவர் வழக்கம்போல் டூட்டிக்கு வந்து நிற்பார். யாரால் உடனே திருப்பி அடிக்க முடியாதோ அவர் தலையில் பாக்கி இறங்கியது. அவரைக் கேட்கவும் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை.

சட்டம் இதைக் கைமாற்றாகப் பார்க்கவில்லை. அந்த ஆண்டுகளில் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: தொழிலாளியின் வைப்பு நிதிப் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டத் தவறும் முதலாளி, நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை நேர்மையின்றிப் பயன்படுத்தியவராகவே கருதப்படுவார். நிறுவனமே சொந்த அறக்கட்டளை வைத்து நிதியை நடத்தினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து ஓய்வு பெற்றவர், அந்தப் பணத்துக்காக வருஷக் கணக்கில் அலைய வேண்டியிருந்தது. சர்வீசில் இருப்பவர் சொசைட்டியில் அடுத்த கடன் கேட்டால், கழகத்திலிருந்து தவணை வரவில்லை என்ற பதில். அவர் சம்பளத்தில் அந்தத் தவணை ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும்.

2017 மே 15 அன்று இந்த நிலுவைக்காகத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம், 1,250 கோடி ரூபாய் கொடுக்க அரசு ஒப்புக்கொண்ட பிறகே முடிந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2018 ஜனவரி 4 அன்று மறுபடி பஸ்கள் நின்றன. இம்முறை எட்டு நாள். நிலுவை 7,000 கோடி என்றன சங்கங்கள். பொங்கலுக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு 750 கோடி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. தெருவில் இறங்கினால் கிடைக்கிற பணம், மனு கொடுத்தபோது ஏன் கிடைக்கவில்லை? பஸ் நின்றால்தான் தொழிலாளியும் எண்ணெய் நிறுவனத்துக்குச் சமமாகக் கடன் கொடுத்தவர் ஆகிறார். ஓய்வு பெற்றவர்களிடம் அந்தப் பலமும் கிடையாது. அவர்களுடைய அகவிலைப்படி 2015 நவம்பரோடு பல ஆண்டுகள் உறைந்து கிடந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சங்கங்களும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2018-இல் அ.தி.மு.க. ஆட்சி, அந்தக் கட்சியின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை வேலைநிறுத்தத்தில் இல்லை. 2024 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி, பேரவை களத்தில் நின்றது, தி.மு.க.வின் தொ.மு.ச. விலகி நின்றது. நிலுவை மாறவில்லை, கேட்பவர்தான் மாறினார்.

மேலே எடுக்கும் முடிவு கீழே மெமோவாக வந்து சேர்வதையும் சொல்ல வேண்டும். ‘கே.எம்.பி.எல்.’ என்ற சொல்லைக் கேட்டாலே டிரைவர்களுக்கு எரிச்சல் வரும். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அது. வடகாட்டுக்கு மேலே வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, ஆளும் மூட்டையுமாக ஏறுகிற பழைய வண்டியில் அந்தக் கணக்கை டிரைவரின் கால் மட்டும் தீர்மானிப்பதில்லை. வண்டியின் வயதும் பட்டறையில் கிடைக்கும் சாமானும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கணக்கு குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் டிரைவர். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஓடும் பஸ் திரும்பியபோது கண்டக்டர் இருக்கையோடு வெளியே வந்து சாலையில் விழுந்தார். உடனே வந்த நடவடிக்கை, பணிமனையைச் சேர்ந்தவர்களை சஸ்பெண்ட் செய்தது. போல்ட்டை இறுக்காத கை குற்றவாளிதான், மறுக்கவில்லை. புது வண்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்களும் பட்டறைக் காலியிடங்களை நிரப்பாதவர்களும் அந்த நடவடிக்கைக்குள் வரவே இல்லை.

தொழிலாளியின் சேமிப்பில் நிறுவனம் கைவைப்பது வேறு நாட்டிலும் நடந்திருக்கிறது. 1991-இல் பிரிட்டனில் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகு, அவர் தொழிலாளர் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கு மேல் எடுத்துத் தன் நிறுவனங்களுக்குப் பயன்படுத்தியது வெளியே வந்தது. அதன் விளைவாக 1995-இல் ஓய்வூதியச் சட்டமே புதிதாக வந்தது. நம் கழகங்களில் யாரும் அந்தப் பணத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பஸ் ஓட்டத்தான் செலவழித்தார்கள். இந்த வேறுபாடு பெரியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பணத்தை இழந்து நிற்பவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இங்கே இதற்காக எந்தப் புதுச் சட்டமும் வரவில்லை.

என் தீர்ப்பு இது. பணம் இல்லாமல் போனதற்கு முதல் பொறுப்பு, ஆறு ஆண்டுக்கு மேல் கட்டணத்தையும் தொடாமல், அதற்கு ஈடான மானியத்தையும் கொடுக்காமல் இருந்த அரசுக்கு. அந்தக் குறையைத் தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டு நிரப்பிய பொறுப்பு நிர்வாகத்துக்கு. அதில் விலக்கு கிடையாது. டீசலுக்குப் பணம் இல்லை என்று எழுத்தில் கொடுத்து அரசின் முன் வைத்திருக்க வேண்டும். சில தடங்கள் நின்று ஊரே கேள்வி கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அப்படிச் செய்யாததால், கட்டணம் உயராத அந்த ஆண்டுகளில் பயணிகளின் டிக்கெட்டுக்கு மானியம் கொடுத்தது கண்டக்டரின் வைப்பு நிதிதான். அதைப் பயணியிடமும் சொல்லவில்லை, கண்டக்டரிடமும் சொல்லவில்லை.

இனிமேலாவது பிடித்தத் தொகை கழகத்தின் நடப்புக் கணக்கைத் தொடவே கூடாது. சம்பளம் போடும் அன்றே நேராக வைப்பு நிதிக்கும் எல்.ஐ.சி.க்கும் சொசைட்டிக்கும் போய்விட வேண்டும். எந்த மாதம் எவ்வளவு கட்டப்பட்டது என்பதை ஒவ்வொரு பணிமனையிலும் டூட்டி சார்ட் ஒட்டும் பலகையிலேயே ஒட்ட வேண்டும். கட்டாத மாதத்துக்கான விளக்கத்தை, மைலேஜ் குறைந்த டிரைவரிடம் கேட்பதுபோல, மேலாண் இயக்குநரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.