'தேசத்தின் உயிர்': ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 15ஆம் பிரிவை முன்வைத்து

சட்டம் தன்னைத்தானே நிறுத்திவைத்துக்கொள்ளும் இடத்தையும் சட்டமே எழுதிவைக்கிறது. 1950 நவம்பர் 4 அன்று ரோமில் கையெழுத்தாகி, 1953 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் அந்த இடத்துக்குப் பெயர் 15ஆம் பிரிவு. போர் வந்தாலோ, 'தேசத்தின் உயிரை' அச்சுறுத்தும் வேறு பொது நெருக்கடி வந்தாலோ, நிலைமைக்குக் கண்டிப்பாக எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு ஓர் அரசு தன் கடப்பாடுகளிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது அது. அடுத்த பத்தி வேலி போடுகிறது. உயிர்வாழும் உரிமை (போரில் சட்டப்படி நிகழும் சாவுகள் நீங்கலாக), சித்திரவதைத் தடை, அடிமைத்தனத் தடை, செய்தபோது குற்றமாக இல்லாததைப் பின்னால் குற்றமாக்கித் தண்டிக்கக் கூடாது என்பது - இந்த நான்கிலும் கைவைக்க முடியாது. மூன்றாவது பத்தி வெறும் அலுவலகச் சமாச்சாரம் போலத் தோன்றும். விலகும் அரசு என்ன செய்தது, ஏன் செய்தது என்று ஐரோப்பிய கவுன்சிலின் பொதுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இதைப் பற்றிப் பேசும் நண்பர்களிடம் இரண்டு போக்குகளைப் பார்க்கிறேன். ஒரு சாரார் ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றத்தைக் கோயிலாக்கிவிட்டார்கள். 'ஐரோப்பாவுல பாருங்க' என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். இன்னொரு சாரார் அகம்பென் படித்தவர்கள். விதிவிலக்கே விதியாகிவிட்டது, எல்லா இடமும் முகாம்தான், சட்டத்துல என்ன இருக்கு என்பார்கள். முன்னவர்களோடு சண்டை போடுவது சுலபம். பின்னவர்களோடுதான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, பிரதியை வாசிக்காமலே தீர்ப்புச் சொல்லும் சோம்பேறித்தனம்.

தமிழ் படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த உருவகம். தேசத்துக்கு ஏது உயிர்? புறநானூற்றில் மோசிகீரனார் நெல்லையும் நீரையும் ஒதுக்கிவிட்டு, உலகத்துக்கு உயிர் மன்னன்தான் என்றார். கம்பன் அதைத் தலைகீழாக்கினான். அவனிடம் மக்கள்தான் உயிர், மன்னன் அது தங்கும் உடம்பு மட்டுமே. இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஓர் அரசியல் சண்டை நடக்கிறது. நம் வகுப்பறைகள் அதை 'உவமை நயம்' என்று தாண்டிப் போய்விட்டன. சரி, 15ஆம் பிரிவின் 'தேசம்' மோசிகீரனாருடையதா, கம்பனுடையதா? அரசு பிழைத்தால் மக்கள் பிழைத்த மாதிரியா, மக்கள் மூச்சு விட்டால்தான் அரசு என்கிற உடம்புக்கு அர்த்தமா? பிரிவு இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் அதன் எழுபது வருஷ வரலாறு.

முதலில் நிரப்பியவர்கள் லாலெஸ் வழக்கின் நீதிபதிகள். வழக்காடியவரின் பெயருக்கே 'சட்டமற்ற' என்று பொருள் (ஒரு நாவலாசிரியன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் மலிவான குறியீடு என்று நானே எழுதியிருப்பேன்). 1957 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அயர்லாந்து அரசு அவரை விசாரணையில்லாமல் ராணுவ முகாமில் அடைத்துவைத்தது. சாதாரணக் காலத்தில் இது உடன்படிக்கைக்கு விரோதம், ஆனால் 15ஆம் பிரிவின்படி செல்லும் என்று 1961 ஜூலை 1 அன்று நீதிமன்றம் சொன்னது. மக்கள் முழுவதையும் பாதிக்கிற, சமூகத்தின் ஒழுங்கமைந்த வாழ்வையே அச்சுறுத்துகிற அசாதாரண நிலை என்று உருவகத்துக்கு உரையும் எழுதியது. இங்கே ஒரு பாடபேதம் உண்டு. ஆபத்து 'உடனே நேரவிருப்பதாக' இருக்க வேண்டும் என்ற சொல் அதிகாரபூர்வமான பிரெஞ்சுத் தீர்ப்பில் இருந்தது, ஆங்கிலத்தில் இல்லை. ஒரே ஒரு பெயரடைதான். ஆனால் அது இருந்தால், என்றோ வரலாம் என்கிற ஆபத்தைக் காட்டி இன்று யாரையும் அடைக்க முடியாது.

அந்தப் பெயரடையை மீட்டவர்கள் உண்டு. 1967 ஏப்ரலில் கிரேக்கத்தில் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்து, கம்யூனிஸ்ட் அபாயத்தைக் காட்டி உரிமைகளை நிறுத்தினார்கள். டென்மார்க், நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து நான்கும் வழக்குத் தொடுத்தன. அப்போதிருந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1969இல், பிரெஞ்சுப் பாடத்தை எடுத்துவைத்து, அப்படியொரு உடனடி ஆபத்து இருக்கவே இல்லை என்றது. சித்திரவதை நிர்வாக வழக்கமாகவே நடந்தது என்றும் சொன்னது. கர்னல்கள் அந்த டிசம்பரிலேயே ஐரோப்பிய கவுன்சிலைவிட்டு வெளியேறினார்கள். கிரேக்கம் திரும்பி வந்தது 1974இல். நெருக்கடி இருக்கிறதா என்ற கேள்வியில் ஓர் அரசின் வாசிப்பை இப்படி நேருக்கு நேர் மறுத்தது அதற்குப் பின் மிக அபூர்வமாகவே நடந்திருக்கிறது. நிலைமையை நேரில் அறிந்தவை தேசிய அரசுகள்தான், எனவே நெருக்கடி உண்டா என்று கணிப்பதில் அவற்றுக்குத் தாராளமான இடம் தர வேண்டும் என்பது 1978இலிருந்து நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆசிரியன் செத்துப்போனான் என்று நாம் இங்கே அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்ட்ராஸ்பூரில் ஆசிரியனைப் பக்கத்தில் உட்காரவைத்து அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிரிவு உடன்படிக்கைக்குள் வரவேண்டும் என்று வலியுறுத்தியது பிரிட்டன். காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அதன் கையில் அப்போதும் காலனிகள் இருந்தன. 1953 அக்டோபரில் உடன்படிக்கையைத் தன் காலனிகளுக்கு நீட்டித்த பிரிட்டன், மலாயாவுக்கும் கென்யாவுக்கும் அடுத்தடுத்து விலகல் கடிதங்களை அனுப்பியது. கென்யாவில் அச்சுறுத்தப்பட்டது எந்தத் 'தேசத்தின்' உயிர்? கிக்குயூ மக்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். மலாயாவைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அங்கே 1948இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின் கீழ், உடன்படிக்கை எழுதப்படுவதற்கு முந்தைய வருஷம், 1949 மே மாதத்தில், தொழிற்சங்கத் தலைவர் கணபதி தூக்கிலிடப்பட்டார். பிரான்ஸோ உடன்படிக்கையை உறுதிசெய்ததே 1974இல், அல்ஜீரியப் போர் முடிந்து 12 வருஷத்துக்குப் பிறகு.

காலனிகள் போனாலும் அவற்றில் பழகிய கை போகவில்லை. 1971 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் விசாரணையற்ற சிறைவைப்பு தொடங்கியபோது 14 பேரைத் தனியாகப் பிரித்து ஐந்து முறைகளைப் பிரயோகித்தார்கள். சுவரோரம் கைகால் விரித்து மணிக்கணக்கில் நிற்கவைப்பது, தலையில் பை மாட்டுவது, ஓயாத இரைச்சல், தூக்கமின்மை, சோறு தண்ணி இல்லாமை. இவற்றில் சிலவோ எல்லாமோ முன்பே மலாயாவிலும் கென்யாவிலும் சைப்ரஸிலும் ஏடனிலும் பயன்பட்டவை என்பதைப் பிரிட்டனின் சொந்த விசாரணைக் குழுவான பார்க்கர் குழு 1972இல் பதிவு செய்தது. அயர்லாந்து வழக்குப் போட்டது. 1976இல் ஆணையம் இது சித்திரவதை என்றது. 1978 ஜனவரி 18 அன்று நீதிமன்றம், 13க்கு 4 என்ற கணக்கில், சித்திரவதை அல்ல, 'மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை' என்றது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு இரண்டையும் சேர்த்தே தடைசெய்கிறது, எந்த நெருக்கடியிலும் இரண்டுக்கும் விலக்குக் கிடையாது. அப்படியிருக்க, பெயர் என்னவானால் என்ன? நீதிமன்றமே பதில் சொன்னது: 'சித்திரவதை' என்ற சொல்லில் ஒரு தனிக் களங்கம் இருக்கிறது, அதை மிகக் கொடிய வேதனைக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். அதாவது, தலையில் பை மாட்டப்பட்டவனின் உடம்பிலிருந்து அல்ல, மாட்டியவனின் மானத்திலிருந்து சொல்லின் பொருள் அளக்கப்பட்டது. இது வெறும் சொற்சண்டையாக நின்றதா என்றால், இல்லை. 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை, எதெல்லாம் சித்திரவதை ஆகாது என்று உளவுத்துறைக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் இந்தத் தீர்ப்பைச் சாட்சிக்கு அழைத்தது. ஸ்ட்ராஸ்பூரில் செய்த வகைப்பாடு கடல் தாண்டி வேறு சிறைகளுக்கு அனுமதிச் சீட்டாகப் போனது. புதிய ஆவணங்களோடு தீர்ப்பைத் திருத்தக் கேட்டது அயர்லாந்து. 2018இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2021இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்தான், இன்றைய அளவுகோலில் அதைச் சித்திரவதை என்றே சொல்வார்கள் என்று எழுதியது.

வேலிக்குள் இருக்கும் உரிமையும் இப்படிச் சொல்லால் தேய்ந்துபோகும் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் 1991 அக்டோபரின் வில்வராஜா வழக்கு. இலங்கையிலிருந்து பிரிட்டன் போன ஐந்து தமிழர்கள் 1988இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பிய பிறகு அவர்களில் சிலர் துன்புறுத்தலுக்கு ஆளானார்கள். ஆனாலும் 3ஆம் பிரிவு மீறப்படவில்லை என்றது நீதிமன்றம். அங்குள்ள மற்ற தமிழ் இளைஞர்களைவிட இவர்கள் நிலை மோசமில்லை, துன்புறுத்தப்படலாம் என்ற வெறும் சாத்தியம் போதாது என்பது காரணம். எல்லாருக்கும் ஆபத்து என்றால் ஒருவனுக்கும் ஆபத்தில்லை என்கிற இந்த விநோத தர்க்கத்தைப் பிந்தைய வழக்குகள் தளர்த்தின. 2008இல் இன்னொரு தமிழரைத் திருப்பி அனுப்புவது 3ஆம் பிரிவுக்கு விரோதம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. நடுவில் 17 வருஷம்.

அகம்பென் வாசகர்கள் இவ்வளவையும் கேட்டுவிட்டு 'அதைத்தானே நாங்களும் சொன்னோம்' என்பார்கள். இல்லை. 2001இல் பிரிட்டன் வெளிநாட்டவரை மட்டும் காலவரையின்றி அடைக்கச் சட்டம் போட்டு, 15ஆம் பிரிவின்படி விலகியது. 2004 டிசம்பர் 16இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், 8க்கு 1, அது செல்லாது என்றார்கள். உள்நாட்டு ஆளுக்கும் அதே ஆபத்து உண்டென்றால் வெளிநாட்டானை மட்டும் அடைப்பது எப்படி 'கண்டிப்பாகத் தேவை' ஆகும் என்று கேட்டார்கள். அந்த ஒரு தொடர்தான் கைதிகளின் கையில் கிடைத்த துரும்பு. ஹாஃப்மன் பிரபு மட்டும் இன்னும் ஒரு படி போய் உருவகத்தையே கையில் எடுத்தார். தேசத்தின் உயிருக்கு ஆபத்து பயங்கரவாதத்திலிருந்து வரவில்லை, இம்மாதிரிச் சட்டங்களிலிருந்துதான் வருகிறது என்றார். கம்பன் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நீதிபதிகள் அந்த வாசிப்புக்கு வரவில்லை. 2009இல் ஸ்ட்ராஸ்பூரும் பாரபட்சத்தைக் கண்டித்தது, நெருக்கடியை ஒப்புக்கொண்டது.

இதிலிருந்து அரசுகள் கற்ற பாடம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. விலகல் என்று எழுதினால் 'கண்டிப்பாகத் தேவையா' என்று யாராவது கேட்பார்கள். எழுதாமலே விட்டால்? 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பின் பிரான்ஸ், அல்ஜீரியாவுக்காக 1955இல் செய்த சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து நெருக்கடி அறிவித்தது, கடிதமும் எழுதியது. அந்த அதிகாரத்தில் முதல் மாதமே, பருவநிலை மாநாட்டுக்கு எதிராகப் போராடக் கிளம்பியவர்களையும் வீட்டுக்காவலில் வைத்தார்கள். 2017 நவம்பர் 1இல் நெருக்கடி முடிந்தது. முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, அதன் முக்கியமான அதிகாரங்களைச் சாதாரணச் சட்டமாக்கியாயிற்று. பிறகு எதற்குக் கடிதம்? 2020 கொள்ளைநோயின்போது உடன்படிக்கை நாடுகளில் 10 மட்டுமே விலகல் அறிவித்தன. ஹங்கேரி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அங்கேதான் அரசாங்கம் ஆணைகளால் ஆளத் தொடங்கியது. (அதே வருஷம் பிப்ரவரியில் அகம்பென் கொள்ளைநோயையே ஒரு புனைவு என்று எழுதினார். எல்லாவற்றையும் விதிவிலக்கு என்று சொல்லப் பழகிய சிந்தனைக்கு எது உண்மையான விதிவிலக்கு என்று அடையாளம் காணத் தெரியாமல் போனது.) 2024 ஜூலையில் பின்லாந்து, எல்லையில் தஞ்சம் கேட்பவரின் மனுவையே வாங்காமல் திருப்பி அனுப்ப இடம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. விலகல் கடிதம் இல்லை. இருந்தாலும் பயனில்லை, 3ஆம் பிரிவிலிருந்து விலக முடியாது. 2025 மே மாதத்தில் இத்தாலி, டென்மார்க் உட்பட ஒன்பது அரசுகள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. குடியேறிகள் விஷயத்தில் நீதிமன்றம் உடன்படிக்கையை அளவுக்கு மீறி விரித்து வாசிக்கிறது என்பது புகார். இது 15ஆம் பிரிவு கேட்கும் கடிதம் அல்ல. அந்தக் கடிதத்தில் அரசு, தான் மீறப்போவதை ஒப்புக்கொள்கிறது. இந்தக் கடிதத்தில் மீறலே இல்லாதபடி வாசிப்பை மாற்றச் சொல்கிறது.

அதனால்தான் நம் பழைய முழக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப்போட வேண்டும் என்கிறேன். நெருக்கடியை அறிவிக்காதே என்பது நமக்குப் பழக்கமான கோரிக்கை. அறிவிக்காமலே நடத்தப்படும் நெருக்கடியின் முன்னால், 'எழுதிக் கொடு' என்று கேட்பதுதான் கடினமான கோரிக்கை. எங்கே, எத்தனை நாள், எந்த உரிமை, எதற்காக? கடிதம் எப்போதும் நமக்குச் சாதகம் என்று நான் சொல்லவில்லை. 1988 நவம்பரில், நாலு நாளுக்கு மேல் நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருந்தது தவறென்று பிரோகன் வழக்கில் தோற்ற பிரிட்டன், அடுத்த மாதமே ஒரு விலகல் கடிதம் எழுதி அதே வேலையைத் தொடர்ந்தது. 1993இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது.

ஆனால் எழுத்து எழுதியவனையும் கட்டும். 1990களில் துருக்கி, குர்துகள் வாழும் தென்கிழக்கு மாகாணங்களுக்காக விலகல் அறிவித்திருந்தது. கடிதத்தில் மாகாணங்களின் பெயர்கள் இருந்தன. 1994இல் லெய்லா ஸனா உட்பட ஆறு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்து 12, 14 நாள் என்று நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். பயங்கரவாதம் தென்கிழக்கோடு நிற்பதில்லை, தலைநகருக்கும் நீள்கிறது, ஆகவே விலகலும் நீளும் என்று அரசு வாதாடியது. 1997 நவம்பரில், சகிக் வழக்கில், நீதிமன்றம் துருக்கியின் கடிதத்தையே எடுத்து வாசித்தது. அவர்களை வைத்திருந்தது அங்காராவில். பட்டியலில் அங்காரா இல்லை.