மாபார்க் குதிரைகளின் மரணம்: கால்நடை மருத்துவ நோக்கில் ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பாண்டிய நாட்டுக் குதிரை வாணிகத்தைப் பற்றி எழுதுவோர் மார்க்கோ போலோவின் குறிப்பொன்றைப் பெரிதும் எடுத்தாள்கின்றனர். ஆண்டுதோறும் வாங்கப்பட்ட குதிரைகளுள் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை. அவற்றைப் பேணும் முறை அறியாமையே காரணம் என்பது அதன் சாரம். இதனை உள்ளூராரின் அறியாமைக்குச் சான்றாக அப்படியே ஏற்றல் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சான்றுகளின் தன்மை

அரசரும் அவர்தம் உடன்பிறந்தார் நால்வரும் தனித்தனியே 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்கிறார் மார்க்கோ போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் எண்ணிக்கை 10,000. விலை குதிரையொன்றுக்கு 220 பொன் தினார். இவ்வொப்புமை எண்ணிக்கையை மெய்ப்பிப்பதாகத் தோன்றலாம். ஆயின் இருவரும் வாணிகர்வழிச் செய்தியையே பெற்றிருக்கக் கூடும். குதிரை மருத்துவர் எவரையும் வணிகர் அந்நாட்டிற்குச் செல்ல விடுவதில்லை என்றும், குதிரைகள் மடிவதே அவர்களுக்கு ஆதாயம் என்றும் மார்க்கோ போலோவே கூறுகிறார். எனவே 'அறியாமை' என்னும் குற்றச்சாட்டை விற்போரின் நலனோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

மருத்துவ நோக்கு

உயர்ந்த ஆண்குதிரையும் பெண்குதிரையும் கூடினும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியே பிறக்கிறது என்னும் செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் அளிக்கப்பட்டதாக அவரே குறிக்கிறார். அரிசி, இறைச்சி இரண்டிலும் சுண்ணாம்புச் சத்தைவிட பாஸ்பரஸ் மிகுதி. தீவனத்தில் இவ்விகிதம் தலைகீழானால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும்; முக எலும்பு வீங்கும்; நொண்டல் தோன்றும்; வளரும் குட்டிகளின் எலும்பு வலுவிழக்கும். தவிட்டை மிகுதியாகத் தின்ற ஐரோப்பிய ஆலைக்காரர் குதிரைகளிடமும் இந்நோய் அறியப்பட்டிருந்தது. ஆகவே குட்டிகள் பற்றிய செய்தி வெறும் கட்டுக்கதையன்று.

குதிரைகளை நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பயிற்சியின்றிச் சவாரிக்குக் கொண்டுசென்றனர் என்கிறார் வசாஃப். ஓய்வில் நிறைதீவனம் உண்ட குதிரை திடீரென உழைக்கும்போது தசைச் சிதைவு நேர்வதைக் கால்நடை மருத்துவம் நன்கறியும்.

எனினும், ஓராண்டிற்குள் பெரும்பாலானவை மடிந்தமையைத் தீவனம் ஒன்றே விளக்காது. ஈக்கள் பரப்பும் 'சுர்ரா' நோயின் ஒட்டுண்ணியைக் கிரிஃபித் எவான்ஸ் கண்டறிந்தது 1880இல்தான். மருத்துவம் செய்யாவிடின் இது பெரும்பாலும் குதிரையைக் கொன்றுவிடும். இத்தகைய நோய் காரணமாயின், 13ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரை மருத்துவர் உடனிருந்தும் பயன் குறைவே.

முடிவுரை

இவ்விளக்கங்கள் ஊகத்தின் எல்லையிலேயே நிற்பவை. நூற்குறிப்பைக் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது. துறைமுக, தலைநகர் அகழாய்வுகளில் குதிரை எலும்புகள் கிடைப்பின், முக, தாடை எலும்புகளின் மாற்றம் தீவனக் கருத்தைச் சோதிக்க உதவும். சுர்ரா போன்ற குருதி நோயோ எலும்பில் எளிதில் தடயம் விடாது. அதுவரை செய்யத்தக்கது ஒன்றுண்டு: குட்டிகளின் ஊனத்தையும் முதிர்ந்த குதிரைகளின் மரணத்தையும் தனித்தனி வினாக்களாகப் பிரித்தல். இரண்டையும் 'அறியாமை' என்னும் ஒரே சொல்லில் அடக்குவது, விற்றவரின் கூற்றை வரலாறாக ஏற்பதாகவே முடியும்.