கிளிப்பின் வேலை

நம் வீடுகளில் "பிள்ளைக்குப் பல்லுல கிளிப் போட்டிருக்கோம்" என்றால் பிராக்கெட், கம்பி, ரப்பர் வளையம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். பல் சீரமைப்பு மருத்துவர்களான எங்களுக்குக் கிளிப் என்பது, பல்லில் ஒட்டும் பிராக்கெட்டில் கம்பி உட்காரும் பள்ளத்தின் வாயை மூடும் தகடு. அரிசியில் பாதிகூட இருக்காது. கம்பியைப் பள்ளத்துக்குள் பிடித்து வைக்கும் பொறுப்பு அதனுடையது.

எட்வர்ட் ஆங்கிள் 1920களில் வகுத்த எட்ஜ்வைஸ் பிராக்கெட்டில் பள்ளம் உண்டு, கதவு இல்லை. எஃகு இழையை முறுக்கிக் கட்டினார்கள். பின்னால் ரப்பர் வளையம் வந்தது. அது முதல் நாளிலேயே ஏறக்குறையப் பாதி இறுக்கத்தை இழந்துவிடும். கட்டும் வேலையே வேண்டாம் என்று 1935இல் ஸ்டோல்சன்பெர்க் 'ரஸ்ஸல்' பிராக்கெட்டைக் கொண்டுவந்தார். அது பரவவில்லை.

பரவியவை பிறகு வந்த வகைகள். கனடாவின் ஹெர்பர்ட் ஹான்சன் உருவாக்கிய 'ஸ்பீட்' பிராக்கெட்டில் வளைந்த வில் தகடு உண்டு. மெல்லிய கம்பியை அது சும்மா விடும், தடித்த கம்பியைப் பள்ளத்தின் அடிவரை அழுத்தும். அதனால் ஆக்டிவ் என்கிறோம். 1996இல் டுவைட் டேமன் எதிர்த் திசையில் போனார். அவருடைய சறுக்குக் கதவு மூடினால் பள்ளம் குழாயாகிவிடும். கதவு கம்பியை அழுத்துவதில்லை. இது பேசிவ். 2004இல் வந்த 'ஸ்மார்ட்கிளிப்'பில் கதவே கிடையாது. இரு முனைகளிலும் நிக்கல்-டைட்டானியக் கிளிப்புகள். கம்பியை அழுத்தினால் விரிந்து உள்ளே விட்டு, மறுபடி மூடிக்கொள்ளும்.

இவற்றில் எது சிறந்தது என்று மாநாடுகளில் நிறையவே பேசியாகிவிட்டது. சிகிச்சைக் காலம் குறையும் என்ற பேச்சு 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்புகளில் நிற்கவில்லை. நாற்காலியில் நோயாளி உட்காரும் நேரம்தான் கொஞ்சம் மிச்சமாகிறது.

எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு. புதுப் பெட்டியைப் பிரித்ததும் எல்லாக் கிளிப்பும் நன்றாகத்தான் மூடும். ஒன்றரை வருடம் சோறும் உமிழ்நீரும் பல் துலக்கியும் பட்ட பிறகு? பள்ளத்தின் அகலம் 0.018 அல்லது 0.022 அங்குலம், அதாவது 0.46 அல்லது 0.56 மி.மீ. பிராக்கெட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 27020 தரநிலை இத்தகைய அளவுகளையும் கோணங்களையும் கவனிக்கிறது. ஆனால் வில் தகட்டின் விறைப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதை நோயாளியின் வாயிலிருந்து கழற்றிய பிராக்கெட்டுதான் சொல்ல வேண்டும். 2007இல் ஆய்வாளர் பாண்டிஸ் குழுவினர் அப்படிக் கழற்றியவற்றைச் சோதித்தபோது, ஸ்பீடின் நிக்கல்-டைட்டானியத் தகடு விறைப்பைக் காத்திருந்தது. 'இன்-ஓவேஷன் ஆர்' என்ற இன்னொரு பிராக்கெட்டின் கிளிப் அதைக் கணிசமாக இழந்திருந்தது. பெயரளவில் இரண்டும் ஆக்டிவ்தான். ஆனால் விறைப்பு போன கிளிப், மூடியே இருந்தாலும், தடித்த கம்பியைப் பள்ளத்தின் அடிவரை தள்ளாது. பல்லின் வேரைத் திருப்பும் கடைசிக் கட்டத்தில் அது தெரியும்.

கழற்றிய பிராக்கெட்டுகளை நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பதுண்டு. கீழ் முன்பல்லில் இருந்தவற்றின் கதவுத் தடத்தில் பற்காரை சுண்ணாம்புபோல இறுகியிருக்கும். கதவு முக்கால்வாசி வந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் மூடியதாகவே தோன்றும். ஆகவே புதுக் கம்பி மாட்டுமுன் தடத்தில் நீர் பீய்ச்சி, ஒவ்வொரு கதவையும் புரோபின் முனையால் திறந்து மூடிப் பார்க்கிறேன். மூடும்போது வரும் அந்தச் சின்ன 'டிக்' விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாத பிராக்கெட்டை அன்றைக்கே கழற்றி, வேறு ஒட்டுகிறேன்.