வாடகைக்கு ஒரு செஸ்னா

சாவி ரொம்பச் சின்னது. எங்கள் வீட்டு ஸ்கூட்டி சாவியைவிட ஒரு சுற்று சிறியது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ விமான நிலையத்தில், ஒரு ஃப்ளையிங் கிளப்பின் கவுன்ட்டரில், ஃபைலோடு சேர்த்து அதை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குன்னூரிலிருந்து தம்பி வீட்டுக்கு லீவுக்கு வந்தவள் நான். இந்த நாட்டில் எனக்கென்று ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் வெளியே வெயிலில் நிற்கிற அந்த நாலு சீட்டு செஸ்னா 172 அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்னுடையது!

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போனால் மியூசியத்தை விடுங்கள், ஷாப்பிங் மாலை விடுங்கள், ஒரு நாளாவது சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுங்கள். ஒரு ஊரை அப்படிப் பார்த்தபின் அது வேற்று ஊராகவே இருக்காது.

நீலகிரிக்காரர்களுக்கு விமானம் என்பது எப்போதும் சத்தம்தான். எங்கள் மலையில் ஓடுபாதை கிடையாது. ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறது, வெலிங்டனில் ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கும். விமானம் ஏற வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு இறங்கியாக வேண்டும். சின்ன வயதில் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் போதும், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி, எடை போட்டு ஃபேக்டரி வண்டியில் ஏற்றி அனுப்புகிற குடும்பம். அந்தக் கொழுந்துக் காசில் படித்து, வேலைக்குப் போய், முப்பத்தைந்து வயதில்தான் என் ஆசைக்குக் கை கொடுத்தேன். மைசூரு மண்டக்கள்ளி ஓடுபாதையில் பயிற்சி. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் செக்போஸ்ட் கதவு திறக்கக் காத்திருந்து, முதல் வண்டிகளோடு காட்டைத் தாண்டி ஓடியிருக்கிறேன். லைசென்சுக்கு 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதன்முறை தனியாகப் பறந்த அன்று தெற்கே தொடுவானத்தில் நீலமாக ஒரு சுவர் நின்றது. எங்கள் மலை! அதன் மேல் பறக்க முடியாது, பார்க்கத்தான் முடிந்தது. அதுவே போதும் என்றிருந்தது அன்றைக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், தாராளமாக முடியும். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்கு, என் லைசென்ஸ் உண்மையானதுதானா என்று நம் விமானத் துறையான டி.ஜி.சி.ஏ.விடம் கேட்டுச் சரிபார்க்கும்படி ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். சரிபார்த்த கடிதம் வந்ததும், அங்கே போய் இறங்கி அவர்களுடைய மாவட்ட அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்தால், நம் லைசென்ஸின் பலத்திலேயே ஓர் அமெரிக்கச் சான்றிதழ் தருகிறார்கள். மறுபடி எழுத்துத் தேர்வு இல்லை. முதலில் ஒரு தாளில் தற்காலிகச் சான்றிதழ், அது 120 நாள் செல்லும். நம்முடைய இந்திய லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு நடை நடையாகவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு பயிற்றுநரோடு ஃப்ளைட் ரிவ்யூ. குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பாடம், ஒரு மணி நேரம் வானத்தில். அந்த மனிதருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கிற ஸ்டால், கூர்மையாகச் சாய்ந்து திரும்புவது, எஞ்சின் நின்றுவிட்டால் எங்கே இறக்குவது என்று ஒன்றையும் விடவில்லை. பாலோ ஆல்ட்டோ ஓடுபாதை 2,443 அடிதான், மண்டக்கள்ளியில் நான் பழகியதில் பாதிகூட இல்லை. முதல் இறக்கத்தில் நீளமாக மிதந்துவிட்டேன். வேகம் 65 நாட், ஒன்று கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை ஓடுபாதையின் வாசலிலேயே சக்கரம் பட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் என் லாக் புக்கை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பயணிகளை ஏற்றிச் செல்ல 90 நாளைக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கும் அதிலேயே தீர்ந்தது.

வாடகை எப்படி என்று கேட்பீர்கள். எஞ்சின் ஓடுகிற நேரத்தை ஹாப்ஸ் மீட்டர் என்ற ஒரு சின்னப் பெட்டி பத்தில் ஒரு பங்கு மணியாக எண்ணிக்கொண்டே இருக்கும், ஆட்டோ மீட்டர் போல. எனக்கு மணிக்கு 200 டாலரை ஒட்டி வந்தது, பெட்ரோல் அதிலேயே அடக்கம். சம்பாதிப்பதற்காக ஆள் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. கூட வருகிறவர்கள் செலவைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். தம்பி பாதி நான் பாதி என்றோம். அம்மா தன் சுருக்குப்பையை எடுத்தார், தம்பி தடுத்துவிட்டான்.

ஆம், அம்மாவும் வந்தார். அறுபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் ஏறி இந்த ஊர் வந்து சேர்ந்ததுதான் அவருடைய முதல் விமானப் பயணம். எடைக் கணக்கு போட அவரிடம் எடை கேட்டேன். விமானம், மூன்று ஆள், பை, முழு டேங்க், எல்லாம் சேர்ந்து 2,550 பவுண்டைத் தாண்டக் கூடாது. "கொழுந்து எடை போடற மாதிரியே இருக்கு கண்ணு" என்றார். அப்படியேதான் அம்மா!

முதல் நாள் நாங்கள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். பாலோ ஆல்ட்டோவுக்கு மேற்கே ஒரு மலைத்தொடர். அதைத் தாண்டினால் பசிபிக் கடலும், அதன் கரையில் ஹாஃப் மூன் பே என்ற சின்ன ஊரின் விமான நிலையமும். புறப்பட்டு மலையை நோக்கித் திரும்பிய சில நிமிடத்தில் தெரிந்தது. கடல்பக்கத்திலிருந்து பனிமூட்டம் மலை உச்சியில் ஏறி, இந்தப் பக்கச் சரிவில் பால் பொங்கி வழிகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்த அம்மா ஹெட்செட் மைக்கில் சொன்னார்: "கேத்திப் பள்ளத்துல ஏறி வருமே, அதே மாதிரி. இது நிக்காது, நெறையும்."

கீழிருந்து ஏறுகிற மேகம் எது, கலைகிற மேகம் எது என்று தேயிலைக்காட்டில் ஐம்பது வருஷம் நின்றவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் வந்துகொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி, கூட வந்த வீரர்கள், யாருமே பிழைக்கவில்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து திசையறிவு தப்பியதுதான் காரணம் என்று விமானப்படை விசாரணை சொன்னது. நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் வீட்டுப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மத்தியானத்தை மறக்க மாட்டோம். தேர்ந்த ராணுவ விமானிகளையே ஏமாற்றிய மேகம் அது. கண்ணால் பார்த்து ஓட்ட மட்டும் லைசென்ஸ் வைத்திருக்கிற நான் அதன் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. திருப்பினேன். இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கி, சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டோம். கிளப்பில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நல்ல முடிவு என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

புறப்படும் முன் செய்கிற சோதனை எனக்குப் பூஜை மாதிரி. இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு. கண்ணாடி போன்ற ஒரு குப்பியை அதில் வைத்து அழுத்தினால் பெட்ரோல் கொஞ்சம் இறங்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். சிறு விமான பெட்ரோலுக்கு அடையாளமாக நீலச்சாயம் கலந்திருப்பார்கள். சொட்டு நீலம் கலக்கிய தண்ணீர் மாதிரி வெளிறிய நீலம். அம்மா குப்பியை வாங்கி அவரும் தூக்கிப் பார்த்தார். "தெளிவா இருக்கு" என்றார். புரொப்பெல்லரின் விளிம்பை விரலால் தடவி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, ஒவ்வொரு கீலாக ஆட்டிப் பார்த்து முடிக்க இருபது நிமிடம். இந்த வகை விமானம் முதலில் பறந்தது 1955-இல். அன்றிலிருந்து 44,000-க்கு மேல் செய்துவிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் செய்யப்பட்ட விமானம் இதுதான். மைசூரில் பழகிய கைக்கு இங்கேயும் எல்லா ஸ்விட்சும் வைத்த இடத்திலேயே இருந்தது!

55 நாட்டில் மூக்கைத் தூக்கினேன். ஒரு குலுக்கல், பிறகு அந்த மிருது. எத்தனை முறை வந்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

வடக்கே திரும்பி, சான் பிரான்சிஸ்கோ வட்டார வான்வெளியைக் கவனிக்கிற நார்கால் அப்ரோச்சுக்கு ரேடியோவில் பேசினேன். பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளிக்கு கிளாஸ் பிராவோ என்று பெயர். "கிளியர்டு" என்ற சொல்லைக் காதால் கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது. ஓரத்தில் காத்திருக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நொடியில் அனுமதி வந்தது. ஜம்போ விமானங்கள் வரிசைகட்டி இறங்குகிற அதே வானத்தில், அதே ரேடியோ அலையில், குன்னூர்க்காரியின் குரலுக்கும் ஓர் இடம். நம் ஊரில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்க விமானத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கி, அப்புறம்தான் கிளம்ப வேண்டும். அதற்கான காரணங்கள் நம் எல்லைகளில் இருக்கின்றன, புரிகிறது. ஆனாலும் ஒரு வெளிநாட்டு விருந்தாளியை இப்படி நம்பி உள்ளே விடுகிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

பிறகு கோல்டன் கேட் பாலம். 1937-இல் திறந்தது, கோபுரங்கள் 746 அடி. போஸ்ட் கார்டில், சினிமாவில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் இடது ஜன்னலில் அது சாய்ந்து சுழல, அந்தச் சுழற்சி உங்கள் கை செய்வதாக இருக்கும்போது, ஐயோ, அதை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை! சிவப்புக் கம்பிகளுக்குக் கீழே கப்பல் ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது. பின்சீட்டில் தம்பி வீடியோ எடுப்பதையே மறந்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன் அக்கா என்றான்.

அந்த நேரத்தில் விமானி உஷா சுந்தரத்தை நினைத்துக்கொண்டேன். 1950-இல் அன்றைய சென்னை அரசாங்கத்துக்காக ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை வாங்க, கணவர் சுந்தரத்தோடு கப்பலில் இங்கிலாந்து போனார். இருவரும் அதை ஓட்டிக்கொண்டு 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். நம்மவர்கள் அயல்நாட்டு வானத்தில் விமானம் ஓட்டுவது புதுசே இல்லை. அந்த அம்மாளின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடற்கரை ஓரமாகத் தெற்கே வந்தோம். ஹாஃப் மூன் பேயில் டவர் கிடையாது. வருகிற விமானங்கள் தங்களுக்குள்ளேயே ரேடியோவில் சொல்லிக்கொண்டு, முறைவைத்து இறங்க வேண்டும். நான் இருக்கும் இடத்தைச் சொன்னேன், முன்னால் போன ஒருவர் அவர் இடத்தைச் சொன்னார், வழி பிறந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காகப் போட்ட 5,000 அடி ஓடுபாதை. காலாற நடந்தால் மீன்பிடித் துறைமுகம். நிறுத்தி, கயிறு கட்டி, துறைமுகத்தில் பொரித்த மீன் சாப்பிட்டோம். விமானத்தை ஓட்டி வந்து சாப்பிட்ட மீனுக்கு ருசியே தனி!

திரும்பி நடக்கையில் அம்மா சட்டென்று நின்றார். மூக்கை உயர்த்தினார். சாலையோரம் வரிசையாக யூகலிப்டஸ் மரங்கள். அம்மா ஓர் இலையை எடுத்துக் கசக்கி என் மூக்கில் வைத்தார். தைலம்! நம்ம ஊட்டி தைலம்! ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-இல் நீலகிரிக்கு வந்த மரம், அடுத்த சில வருஷங்களில் தங்கம் தேடி வந்தவர்களோடு கலிபோர்னியாவுக்கும் வந்துவிட்டது. கடல்பனி, ஈரக்காற்று, தைல வாசனை. கண்ணை மூடினால் வெலிங்டன் பஸ் ஸ்டாப். அம்மா நாலைந்து இலையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் மலைத்தொடரின் மேலேயே பறந்தோம். அன்றைக்கு மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. மரங்களும் மடிப்புகளும் சின்னச் சின்ன வீடுகளும் கீழே தெளிவாகக் கிடந்தன. இரண்டாயிரம் சொச்சம் அடி மலைதான், 8,650 அடி தொட்டபெட்டாவுக்கு முன்னால் குழந்தை. ஆனால் ஒரு மலையை அதன் முதுகின் மேலிருந்து பார்ப்பது எனக்கு வாழ்க்கையிலேயே முதல் முறை. எங்கள் மலையும் மேலிருந்து இப்படித்தான் இருக்கும், பச்சைக் கம்பளிக்கு நடுவில் எங்கள் ஒன்றரை ஏக்கர் ஒரு நகக்கண் அளவு தெரியும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

இறங்கி எஞ்சினை அணைத்தபோது ஹாப்ஸ் மீட்டர் 2.1 மணி காட்டியது. அம்மா கீழே கால் வைத்த உடனே கோத்தகிரி சித்திக்குப் போன் போட்டார். அங்கே நடு ராத்திரி என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. "பாப்பாதான் ஓட்டுனா. நான் முன் சீட்டுல உக்காந்திருந்தேன். பெட்ரோல நான்தான் பார்த்தேன், தெளிவா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

நான் கவுன்ட்டரில் சாவியை வைத்துவிட்டு, வியாழக்கிழமை அந்த விமானம் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். காலை 9 மணிக்கு இருந்தது. பதிந்துவிட்டேன்.